நோன்பு மாதத்தில் வராத அலர்ஜி

நான் ரியாத்துக்குக் கிளம்பிய வாரம், செவிலிமேட்டில் சவுதி அரேபியாவைப் பற்றித் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. போய் வந்தவர் யாரும் இல்லை என்பது வேறு விஷயம். அப்பாவோடு ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், அங்கே ரோட்டில் விசில் அடித்தால் விரலை எடுத்துவிடுவார்கள் என்றார். பக்கத்து வீட்டு அக்கா, பெண்களைத் திரும்பிப் பார்த்தால் கண்ணை எடுத்துவிடுவார்கள் என்றார். என் பெரியப்பா துபாயில் சில மாதம் கம்பி கட்டியவர். அதனால் அவர் பேச்சுக்குத் தனி மதிப்பு.

"தண்ணி கிடையாது, சாமி படம் கிடையாது, பொம்பளைங்க பக்கம் தலையத் திருப்பக் கூடாது. யாரு இன்னா கேட்டாலும் எதிர்த்துப் பேசாத. குனிஞ்ச தலை நிமிராம போய்க்கினு வந்துக்கினு இரு" என்றார்.

எனக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் நான் பல வருடம் அப்படித்தான் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தேன். கல்யாணப் புடவை எடுக்க வரும் பெண்களுக்கு, புடவையை என் தோளிலேயே போட்டு, கொசுவம் பிடித்து, முந்தானையைத் தொங்கவிட்டுக் காட்டுவேன். கோயில் திருக்கல்யாணத்துக்குப் போகிற புடவைகூட முதலில் என் தோளில் ஏறி இறங்கித்தான் அம்பாளுக்குப் போகும். அதே கோயில் பக்கம் ஒரு வீடு வாடகைக்குக் கேட்டால், "நீங்க சைவமா?" என்பார்கள். சைவம் என்று சொல்லிவிட்டால், "இப்ப எங்க இருக்கீங்க?" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நடக்காது. செவிலிமேட்டில் புதுப்புது நகர்கள் வந்தது எனக்கு ஒரு வசதி. எந்தப் பக்கம் என்று கேட்காத வரைக்கும் நானும் அங்கே பிளாட் வாங்கிய பேங்க்காரர் மாதிரிதான். கேட்டுவிட்டால் நான் காலனிக்காரன்.

சம்பளமும் போதவில்லை, இந்தக் கேள்வியும் ஓயவில்லை. ரியாத்தில் துணிக்கடைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் சொன்னபோது சரி என்றுவிட்டேன். காலனி எங்கே இருக்கிறது என்று அரபிக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணக்கு.

அம்மா எங்கள் எல்லையம்மன் கோயில் விபூதியை ஒரு பவுடர் டப்பாவில் கொட்டி, மேலே கொஞ்சம் நிஜப் பவுடரையும் தூவிப் பெட்டியில் வைத்துவிட்டாள். ரியாத் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி சரியாக அதைத்தான் எடுத்தார். திறந்தார், முகர்ந்தார், உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பவுடர்?"

"பவுடர்."

என் நிறத்தையும் டப்பாவின் அளவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவன் முயற்சி செய்யட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்தார். இப்படியாக எங்கள் எல்லையம்மன் அழகு சாதனப் பொருளாக அந்த நாட்டுக்குள் நுழைந்தாள்.

கடைக்கு மேலேயே எங்களுக்கு அறை. ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆம்பூர்க்காரர், வயதில் மூத்தவர், கடையில் எல்லோருக்கும் பாய். வீட்டில் உருது, வெளியில் தமிழ். அவர் முஸ்லிம் என்பதால் சவுதியில் சொந்த வீடு போல இருப்பார் என்று ஊரில் நினைப்பார்களாம். அரபிக்காரர்கள் அவர் பெயரைக் கேட்டுவிட்டு மளமளவென்று அரபியில் பேசுவார்கள், இவர் எங்களைப் போலவே முழிப்பார். சமையல் அவர் பொறுப்பு. அரபிகள் சோற்றில் மசாலாவே போடுவதில்லை என்பது அவருக்கு அந்த நாட்டின் மேல் இருந்த ஒரே குறை.

இன்னொருவர் பெரிய காஞ்சிபுரத்துக்காரர். கடையில் என் கவுண்டரிலேயே எனக்கு சீனியர். பாய் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், "உங்க ஊருதான்" என்றதும் அவர் கட்டிலிலிருந்து குதித்து இறங்கி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"காஞ்சிபுரமா? வாப்பா, வா. ஊரு முகத்தைப் பார்த்தே எவ்ளோ நாளாச்சு. காஞ்சிபுரத்துல எங்க?"

"செவிலிமேடுங்கணா."

"செவிலிமேட்ல எங்க? ரோட்டு மேலயா, உள்ளயா?"

"உள்ள."

"உள்ளன்னா, அந்தப் புது நகரு பக்கமா?"

விமானத்தில் தூங்காத களைப்பு. பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். "இல்லணா. காலனி" என்றேன்.

"ஓ" என்றார்.

என் தோளில் இருந்த கை, ஏதோ ஞாபகம் வந்ததைப் போல, பக்கத்தில் தொங்கிய துண்டுக்குப் போனது. முகத்தைத் துடைத்தார், பிறகு கையையும் துடைத்தார். "நான் அதெல்லாம் பாக்கறது இல்லபா. எனக்கு எல்லாத்துலயும் ஃப்ரெண்ட்ஸ் இருக்குறாங்க" என்றார். நான் எதைப் பற்றியும் கேட்கவில்லை. கடல் தாண்டி, பாலைவனத்துக்கு நடுவில் நாலாவது மாடியில், ஊரைவிட்டு வந்து ஒரு பொழுது முடிவதற்குள் அந்தக் கேள்வி எனக்கு முன்னால் வந்து கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலையில் அவர் தட்டிலும் டம்ளரிலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு இருந்தது. பாய் பார்த்துவிட்டு, "இது என்ன புதுசா?" என்று கேட்டார்.

"அலர்ஜி பாய். டாக்டர் தனித் தட்டுல சாப்பிடச் சொல்லிட்டாரு."

"எப்ப சொன்னாரு?"

"ஃபோன்ல சொன்னாரு."

பாய் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். அதற்கப்புறம் அந்த அறையில் அலர்ஜிக்கு ஒரு தனி மரியாதை உண்டாகிவிட்டது. அவருடைய பாட்டில், அவருடைய தலையணை, அவருடைய சோப்பு என்று ஒவ்வொன்றாக அந்த நோய் பரவியது. என் கையால் போட்ட டீ மட்டும் அவருக்கு ஒத்துக்கொண்டது. டீ போடுவது வேலையாயிற்றே, அதில் அலர்ஜி வருவதில்லை.

கடையில் என் முதல் நாள் இன்னொரு கூத்து. மீட்டர் கணக்கில் பெண்களுக்கு உடைத்துணி விற்கிற கடை. கறுப்பு அங்கியில், கண் மட்டும் தெரிய மூன்று பெண்கள் வந்து ஒரு பச்சைத் துணியைக் கேட்டார்கள். பழக்க தோஷம். துணியை உதறி என் தோளில் போட்டேன், இடுப்பில் செருகினேன், கொசுவம் பிடித்து, ஒரு அரைவட்டம் திரும்பியும் காட்டிவிட்டேன். மூன்று பேரின் தோள்களும் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியவில்லை. ஊரில் சொல்லி அனுப்பிய தண்டனைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஆண் பிள்ளை பெண் உடை கட்டிக் காட்டினால் எதை எடுப்பார்கள் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்தார். அங்கே முதலாளிக்கு கஃபீல் என்று பெயர். நம்முடைய விசா அவர் தயவில், நம்முடைய பாஸ்போர்ட் அவர் பீரோவில். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பெண்கள் அதற்குள் துணியை வெட்டச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து யார் வந்தாலும், "யா ஹிந்தி, காட்டு, காட்டு" என்பார் கஃபீல். ஹிந்தி என்றால் அங்கே இந்தியன். தாடி வைத்த ஒரு கணவர் மட்டும் ஒருமுறை இதைப் பார்த்து முகம் சுளித்து, இது ஆகாத காரியம் என்று பெரிதாகப் பேசினார். கஃபீல் அவருக்குத் தலையாட்டி மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, கதவு சாத்தியதும் என்னிடம் திரும்பி, "காட்டு" என்றார். வியாபாரத்துக்கு முன்னால் ஒழுக்கம் எப்படிக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் என்பதை நான் கோயில் ஊரிலேயே பார்த்தவன். அதிகம் அதிர்ச்சி அடையவில்லை.

நான் போன சமயத்தில் தொழுகை நேரத்துக்குக் கடையை அடைத்தே ஆக வேண்டும். இப்போது அவ்வளவு கெடுபிடி இல்லை என்கிறார்கள். பாங்கு கேட்டதும் வாடிக்கையாளரை வெளியே அனுப்பி, ஷட்டரை இறக்கிவிடுவோம். பாய் பள்ளிவாசலுக்குப் போவார். பெரிய காஞ்சிபுரத்துக்காரர், "வியாபாரம் நடக்கிற நேரத்துல மூடுறானுங்களே, இன்னா நாடுபா இது" என்று அலுத்துக்கொள்வார். எனக்கோ அது சொர்க்கமாக இருந்தது. முகூர்த்த மாதத்தில் பட்டுக்கடையில் ஒன்றுக்குப் போகக்கூட மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே கடவுளே நாள் முழுக்க அவ்வப்போது லீவு விட்டார். அவர்கள் தொழுதார்கள், நான் துணிக்கட்டு மேல் படுத்துத் தூங்கினேன். இருவருக்கும் பலன் இருந்தது.

அது சாதி இல்லாத நாடு என்றும் பெரியப்பா சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு வகையில் உண்மை. சாதி இல்லை, பாஸ்போர்ட் இருந்தது. ஒருவனை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குத் தெருப் பெயர் தேவையில்லை, நாட்டுப் பெயர் போதும். அதே வேலைக்கு எகிப்துக்காரருக்கு ஒரு சம்பளம், எங்களுக்கு அதற்குக் கீழே, வங்காளதேசத்துக்காரருக்கு அதற்கும் கீழே. கஃபீலின் சின்னப் பையன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் செருப்பை எடுத்துவரச் சொல்வான். பாய் எடுத்துக் கொடுப்பார். பெரிய காஞ்சிபுரத்துக்காரருக்கு இதெல்லாம் பெரிய மனக்கஷ்டம். "மனுசனை மனுசனா மதிக்கத் தெரியல பாரு இவனுங்களுக்கு" என்று நெயில் பாலிஷ் பொட்டு வைத்த டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டே சொல்வார். கடை பெருக்க வரும் வங்காளதேசத்துக்காரரை அதட்டும்போது மட்டும் அவர் குரலில் ஒரு நிம்மதி தெரியும். ஊரைவிட்டு வந்தாலும் ஊரிலேயே இருப்பது போன்ற நிம்மதி.

பிறகு நோன்பு மாதம் வந்தது. பகலில் வெளியே ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. நாங்கள் அறைக்கு ஓடிவந்து, ஜன்னலைச் சாத்தி, பிஸ்கட்டைக்கூடச் சத்தமில்லாமல் கடிப்போம். பாய் எங்களுக்குக் காலையிலேயே சோறு செய்து மூடி வைத்துவிட்டு, தான் பச்சைத் தண்ணீர் இல்லாமல் கடைக்கு வருவார். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடக் கூச்சமாக இருக்கும். கூச்சத்தோடு சாப்பிடுவோம்.

சாயங்காலமானால் பள்ளிவாசல் பக்கத்தில் பெரிய கூடாரம் போட்டு நோன்பு திறக்கிறவர்களுக்குச் சாப்பாடு. நோன்பு பிடித்தாயா, எந்த மதம், எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். "சும்மா வாங்க" என்று பாய் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தரையில் நீளமாகப் பிளாஸ்டிக் விரிப்பு. பேரீச்சம்பழம், மோர், சமோசா. நாலைந்து பேருக்கு நடுவில் ஒரு பெரிய தாம்பாளம், அதில் சோறும் கோழியும். சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். என் தாம்பாளத்துக்கு ஒரு சூடான்காரர், நல்ல உயரம், ஒரு பாகிஸ்தான் லாரி டிரைவர், நான். எனக்கு எதிரில் ஓரிடம் காலி. பாய்க்கு அடுத்த தாம்பாளத்தில் இடம் கிடைத்தது.

பாங்கு சொல்லச் சற்று முன்னால் பெரிய காஞ்சிபுரத்துக்காரர் வந்தார். இலவசச் சாப்பாட்டின் வாசனை நாலாவது மாடி வரை வந்திருக்க வேண்டும். கூடாரம் முழுக்க ஆள். அவர் கண் ஒவ்வொரு வரிசையாகத் தேடிவந்து, காலியிடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு எதிரில் என்னையும் கண்டுபிடித்தது. நின்றார். உதவிக்கு நின்ற உள்ளூர்க் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கமெல்லாம் புரியாது. இருவர் அன்பாக அவர் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்து, கையில் பேரீச்சம்பழத்தைத் திணித்துவிட்டார்கள். பாங்கு கேட்டது.

முதலில் அவர் தன் பக்கத்து ஓரத்தில், யார் கையும் படாத சோற்றை இரண்டு விரலால் கிள்ளினார். சூடான்காரருக்கு அது பொறுக்கவில்லை. புதிதாக வந்தவர் கூச்சப்படுகிறார் என்று நினைத்துவிட்டார். கோழியின் நெஞ்சுக்கறியைத் தன் பெரிய கையால் பிய்த்து, அவர் முன்னால் வைத்து, "குல், குல்" என்றார். சாப்பிடு என்று அர்த்தம். பாகிஸ்தான்காரரும் ஒரு துண்டு பிய்த்து வைத்தார். அங்கே விருந்தாளிக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். மரியாதை தெரியாதவன் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாதல்லவா? நானும் தொடைக்கறியில் நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து, அவர் முன்னால் வைத்தேன். "சாப்பிடுங்கணா" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். சூடான்காரர் சந்தோஷமாக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. எடுத்துச் சாப்பிட்டார். அடுத்த துண்டை அவராகவே எடுத்தார். அதற்கடுத்ததை என் பக்கத்திலிருந்து எடுத்தார். சாப்பாடு அவ்வளவு நன்றாக இருந்தது.

"அரே, ரெண்டு காஞ்சிபுரமும் ஒரே தாம்பாளத்துல. இங்க பாருங்க" என்று பாய் ஃபோனை நீட்டி ஒரு படம் எடுத்து எங்கள் இருவருக்கும் அனுப்பினார். படத்தில் மூன்று கைகள் சோற்றில் இருக்கின்றன, சூடான்காரர் பல் தெரியச் சிரிக்கிறார்.

திரும்பி நடந்து வரும்போது கேட்டேன். "அலர்ஜி எப்படி இருக்குதுணா?"

கொஞ்சம்கூட முகம் மாறாமல் சொன்னார். "நோன்பு மாசத்துல வராதுபா."

சொன்னபடியே வரவில்லை. மாதம் முழுக்க தினமும் கூடாரத்துக்கு எங்களோடு வந்தார், யாருடைய தாம்பாளமானாலும் உட்கார்ந்தார். பெருநாள் பிறை தெரிந்த மறுநாள் அறையில் நெயில் பாலிஷ் பொட்டு திரும்பி வந்தது. பழைய பொட்டு தேய்ந்திருந்ததால் புதிதாக வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு லீவு கிடைத்தது. ஊருக்குப் போகிறவனிடம் பார்சல் கொடுப்பது அங்கே வழக்கம். அவரும் கொடுத்தார், ஒரு கம்பளி, பேரீச்சம்பழம், சென்ட் பாட்டில்கள். "எங்க வீட்டாண்ட குடுத்துட்டு, காபி சாப்ட்டுட்டுதான் வரணும்" என்று அன்போடு சொன்னார்.

நானும் வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே. செவிலிமேட்டிலிருந்து கூலிங் கிளாஸ் போட்டு, தெருவே மணக்கிற அளவுக்கு சென்ட் அடித்துக்கொண்டு, தம்பியின் பைக்கில் பெரிய காஞ்சிபுரம் போனேன். காமாட்சியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. அவர் அம்மாவும் மனைவியும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். மாடியில் குடியிருக்கும் மாமா ஒருவரும் பார்சலைப் பார்க்க இறங்கி வந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க தம்பி. உங்களப் பத்திதான் ஃபோன்ல சொல்லிக்கினே இருப்பான்" என்றார் அம்மா.

"இன்னா சொல்வாரும்மா?"

"கூடப் பொறந்தவன் மாதிரின்னு சொல்வான்."

மருமகள் உள்ளே போய், தட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்தார். நுரை தளும்பிக்கொண்டிருந்தது. தட்டு என்னை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது அம்மா கேட்டார். "தம்பிக்கு எந்தப் பக்கம்?"

"செவிலிமேடும்மா."

"செவிலிமேட்ல எங்க?"

புது நகர் என்று சொல்லியிருக்கலாம். பட்டுக்கடையில் எத்தனையோ தடவை சொன்னதுதான். ஆனால் கூலிங் கிளாஸ் போட்டவனுக்கு ஒரு திமிர் இருக்கும் இல்லையா? "காலனிம்மா" என்றேன்.

தட்டு நின்றது. "ஏம்மா, கொஞ்சம் உள்ள வா" என்று அம்மா மருமகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்த தட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு பேப்பர் கப்பும் இருந்தன. டம்ளர் மாமாவுக்குப் போனது. கப் எனக்கு. ஏதோ விசேஷத்துக்கு வாங்கி மிச்சமானது போலிருக்கிறது, ரோஜாப்பூ அச்சடித்திருந்தது. "குடிப்பா" என்றார் அம்மா. 'தம்பி'யும் 'வாங்க'வும் அடுப்பங்கரையிலேயே தங்கிவிட்டன. மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோபப்பட்டு எழுந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் காபி, உண்மையைச் சொன்னால், அருமையான காபி. குடித்து முடித்துவிட்டு, "இன்னொரு காபி கிடைக்குமாம்மா? ரொம்ப நல்லா இருக்குது" என்றேன். அம்மாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இன்னொரு கப் வந்தது. அதையும் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். மாமா தன் டம்ளரைக் கீழே வைப்பதா கையில் வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மூன்று கப்பையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி டீப்பாய் மேல் நிறுத்திவிட்டு, ஃபோனை எடுத்தேன்.

"உங்க பையன் எப்படி இருக்காருன்னு பாருங்கம்மா."

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். மகனைக் கண்டுபிடித்தார். மகனுடைய கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். எதிரில் என்னைப் பார்த்தார், என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு சூடான்காரர் மேல் விரலை வைத்தார்.

"இவரு யாரு?"

"சூடான்காரரும்மா. ஆப்பிரிக்கா."

"அவங்கள்லாம் இன்னா ஆளுங்க?"

"அங்கெல்லாம் அப்படி எதுவும் கிடையாதும்மா."

"எல்லா ஊர்லயும் இருக்கும்பா. விசாரிச்சாத் தெரியும்" என்றார்.

லீவு முடிந்து ரியாத்துக்குத் திரும்பினேன். அறைக் கதவைத் திறந்ததும் பெரிய காஞ்சிபுரத்துக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை குதித்து இறங்கவில்லை.

"ஏன்பா அந்தப் படத்தை எங்கம்மாகிட்ட காட்டின?"

"நல்ல படம்தானேணா. உங்களுக்கும் பாய் அனுப்பினாரே, நீங்க காட்டலியா?"

"எங்கம்மா என்கூடப் பேசறதே இல்ல இப்ப. ஊருக்கு வந்தா முதல்ல திருமுக்கூடல் போய் ஆத்துல முழுகிட்டுதான் வீட்டுக்குள்ள வரணுமாம்."

"பாலாத்துல தண்ணி இருக்குதாணா இப்ப?"

அவர் முறைத்தார். நான் சிரிக்கவில்லை. "உங்க வீட்ல எனக்குப் பேப்பர் கப்ல காபி குடுத்தாங்கணா" என்றேன்.

அவர் முகம் தொங்கியது. "தெரியும். என் பொண்டாட்டி ஃபோன்ல சொன்னா. சொல்லிட்டு அழுதா." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா பழைய காலத்து ஆளுபா. அவங்கள ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

"இங்க உங்கம்மா இல்லியேணா. அந்தத் தட்டு யாருது?"

அவர் தட்டைப் பார்த்தார். அலர்ஜி என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "பழகிப்போச்சுபா" என்றார், மெதுவாக. நான் அவரோடு இருந்த காலத்தில் அவர் சொன்ன ஒரே நிஜம் அதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சொன்ன பிறகும் தட்டைக் கழுவி, தன் இடத்தில் தனியாகக் கவிழ்த்துவைத்தார்.

அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த பாய் அப்போதுதான் திரும்பினார். "நான் என்ன குருடனா? முதல் நாள்லேந்து பாக்கறேன். ரூமுக்குள்ள சண்டை வேணாம்னு வாய மூடிக்கினு இருந்தேன். அது தப்பு" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனவர், கூடாரத்தில் இருந்ததைப் போல ஒரு பெரிய அலுமினியத் தாம்பாளத்தோடு வந்தார். "இனிமே இந்த ரூம்ல சோறு இதுலதான். வேணும்னா உக்காரலாம். வேணாம்னா ஹோட்டல் இருக்குது."

பெரிய காஞ்சிபுரத்துக்காரர் சில நாள் ஹோட்டலில் சாப்பிட்டார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம், தன்னுடைய ஆட்கள் மட்டும் இருக்கிற ஒரு அறையில் இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னார். அந்த நாட்டில் அப்படியும் அறைகள் உண்டு. ஏஜென்ட் தேவையில்லை, எந்தத் தெரு என்று சொன்னால் போதும், சேர்த்துக்கொள்வார்கள்.

அவர் மாறிய வெள்ளிக்கிழமை முதுகுப் பிடிப்பில் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். பாய் தொழுகைக்குப் போய்விட்டார். உதவிக்கு நான்தான். பூட்டியே வைத்திருந்த தன் அலமாரியை அவர் என் முன்னால் திறந்தார். உள்ளே சட்டைகளுக்குப் பின்னால் ஒரு சின்னக் காஞ்சிபுரமே இருந்தது. காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள், எல்லாம் சட்டம் போட்ட கண்ணாடிப் படங்கள். எப்படிக் கொண்டுவந்தார் என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு போர்வையில் மூட்டையாகக் கட்டினோம். அவரால் தூக்க முடியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலைமேல் ஏற்றிக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் சாமி தூக்க எந்தக் குடும்பம், பல்லக்கில் எந்தப் பக்கத்துத் தண்டு என்று பரம்பரையாக முறை இருக்கிறது. எங்கள் தெருப் பக்கம் சாமி திரும்பியதே இல்லை. ரியாத்தில் அவ்வளவு பேரும் என் தலைமேல் உட்கார்ந்து சிக்னலைக் கடந்தார்கள். எங்களுக்காகக் கார்களெல்லாம் நின்றன. பின்னால் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு, "பாத்துபா, பாத்துபா" என்று பதறிக்கொண்டே வந்தார். புதுக் கட்டடத்தின் எகிப்துக் காவலாளி மூட்டையைத் தட்டி, "இது என்ன?" என்றார். கடையில் கற்ற அரபியில், "முகம் பார்க்கிற கண்ணாடி" என்றேன். மேலே ஏற்றி, அவர் காட்டிய மூலையில் இறக்கி வைத்தேன். அந்த அறைக்காரர்கள் என்னை உட்காரச் சொன்னார்கள். எனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அங்கே அவருக்குச் சுகமாக இல்லை. ஏசியை யார் எவ்வளவு கூட்டி வைப்பது என்று தினமும் சண்டை. எல்லோருக்கும் தனித்தனித் தட்டு, எல்லோர் தட்டிலும் ருசியில்லாத சோறு. வெள்ளிக்கிழமை பாய் பிரியாணி செய்கிற வாசனை வந்ததும் ரோட்டைக் கடந்து வந்துவிடுவார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பார். பாய் தாம்பாளத்தை நடுவில் வைப்பார். அவரும் உட்கார்ந்து எங்களோடு சாப்பிடுவார். அந்த அறைக்காரர்களிடம் என்ன சொல்லிவிட்டு வருவாரோ தெரியாது.

நான் இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜாக்கெட் துணிக்கடை வைத்திருக்கிறேன். பாய் வயதாகி ஆம்பூருக்குத் திரும்பிவிட்டார். பெரிய காஞ்சிபுரத்துக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவருடைய சொந்தக்காரர் வட்டத்துக்கு ஏதேதோ வாழ்த்துப் படங்கள் போகுமாம், எனக்கு வருவதில்லை. ஆனால் வருடம் தவறாமல் ரம்ஜான் அன்று காலையில் வாட்ஸ்அப்பில் பிறையும் நட்சத்திரமும் போட்டு ஈத் முபாரக் அனுப்புகிறார். நானும் பதிலுக்கு ஈத் முபாரக் அனுப்புகிறேன்.